ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த வினை?

நீங்கள் கேட்டதை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அக்கா மகனுக்கு ஆறு வயது. தலசீமியா என்ற பிறவி ரத்த நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "போன ஜென்மத்துப் பாவம், அனுபவிச்சுத்தானே தீரணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஜோசியர் ஒருவர் அதையே கட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார். எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்றால் கடவுள் எதற்கு, முயற்சி எதற்கு, கடவுள் நியாயவான் என்றால் இந்தப் பிள்ளை என்ன செய்தான், நம் நூல்கள் உண்மையிலேயே இப்படித்தான் சொல்கின்றனவா என்று கேட்கிறீர்கள். கேள்வி பலவாகத் தெரிந்தாலும், நடுவில் "அக்கா இப்போது தன்னையே திட்டிக்கொள்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்தத் தாய் இந்தப் பழியை ஏற்க வேண்டுமா? வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். சைவ சித்தாந்த சாத்திரங்களை ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டு, பிறகு ஊர்க் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தத்துவம் படிக்க வருவதில்லை. மகனை விபத்தில் பறிகொடுத்தவர், கணவனை இளம் வயதில் இழந்தவர், இப்படித்தான் வருவார்கள். ஆணவம், கன்மம், மாயை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு கை எழும். கேள்வி அநேகமாக உங்கள் கேள்விதான். ஆகவே நூல் சொல்வதும் தெரியும், அதை வலியில் இருப்பவர் காதில் போட்டால் என்ன ஆகும் என்பதும் ஓரளவு தெரியும். மருத்துவம் என் துறை அல்ல. அந்தப் பக்கம் வரும்போது பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

முதலில் கொள்கையைத் தண்ணீர் கலக்காமல் வைத்துவிடுகிறேன். சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் மொத்தக் கையிருப்பு சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்போடு நுகர்வதற்கென்று பிரிந்து வந்த பங்கு பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். வினை சடப்பொருள், யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உரிய உயிரிடம் அதைக் கூட்டுபவன் இறைவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம்தான். இருவினைப்படி உயிர்கள் பிறந்தும் இறந்தும் வருவது இறைவன் ஆணையால் என்று இரண்டாம் சூத்திரத்திலேயே வந்துவிடுகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி போய், சொல் கேளாத பிள்ளையைப் பெற்றவர்கள் அடிப்பதும் பரிவுதான், இறைவன் தரும் துன்பமும் அப்படியே என்கிறார். மறக்கருணை என்பார்கள். ஆக, உங்கள் சொந்தக்காரர்கள் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. நூல் பிடித்துப் படித்தால், பிறவியோடு வந்த நோய் பிராரத்தம் என்றுதான் போய் நிற்கும். இதை மறைத்துவிட்டு "நம் சமயம் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை" என்று உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அது பொய்.

அப்படியானால் மனிதனுக்குச் சுதந்திரமே இல்லையா என்றால், அதற்குச் சித்தாந்தத்தில் கெட்டிக்காரத்தனமான ஒரு விடை இருக்கிறது. வந்து சேர்வது பிராரத்தம். அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம், அதில் என்ன விருப்பு வெறுப்போடு நடக்கிறோம் என்பதில்தான் ஆகாமியம் ஏறுகிறது. நோய் பழைய கணக்கில் இருக்கலாம். நோயாளியைப் பார்க்க வந்தவன் வாயில் என்ன வருகிறது என்பது அவன் புதிதாக எழுதிக்கொள்ளும் கணக்கு. திருடன் உங்கள் பொருளைக் கொண்டுபோனால், இழந்தது உங்கள் வினைப்பயன் என்று சித்தாந்தி சொல்வார். அதனால் திருடனுக்குப் பாவம் இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். உங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறவர்கள் பாடத்தின் முதல் பாதியோடு எழுந்து போனவர்கள்.

ஆனாலும் இந்தக் கொள்கையில் விரிசல்கள் உண்டு. முதலாவது நினைவு. எதற்காக என்றே தெரியாமல் வாங்கும் தண்டனை யாரைத் திருத்தும்? கையில் ஊசி ஏறும்போது, எந்த ஊரில் எந்தப் பெயரில் என்ன செய்தோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உயிர் பக்குவப்பட்டால் போதும், நினைவு வேண்டியதில்லை என்பார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை, வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தொடக்கம். முதல் பிறவிக்கு எந்த வினை காரணம் என்று கேட்டால், நெல்லோடு உமி பிறப்பதுபோல உயிரோடு மலம், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கு, அநாதியாகவே, தொடக்கமில்லாமலே உள்ளது என்பது விடை. உயிரைப் படைத்து மாட்டிவிட்டான் என்ற பழி இறைவன் மீதிருந்து நீங்குகிறது, அவ்வளவுதான். ஏன் அப்படி என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. மூன்றாவதுதான் பெரியது. வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்ற குணமே எங்கிருந்து வந்தது? பொறுமைசாலியாகப் பிறப்பதும் வினைப்படிதானே? வள்ளுவர் ஊழ் அதிகாரத்தை 'ஆகூழால் தோன்றும் அசைவின்மை' என்றுதான் தொடங்குகிறார். பொருள் சேரும் ஊழ் இருந்தால் சோர்வில்லாத முயற்சி தோன்றும், போகும் ஊழ் இருந்தால் சோம்பல் தோன்றும். முயற்சியும் ஊழின் கைக்குள் போய்விட்டதே, அப்புறம் எதை வைத்து ஒருவனைப் பாராட்டுவது, எதை வைத்துக் குறை சொல்வது?

அதே வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தை 'ஊழிற் பெருவலி யாவுள' (ஊழைவிட வலியது எது) என்ற குறளோடு முடித்துவிட்டு, 62ஆம் அதிகாரத்தை 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' (சோராமல் முயல்பவர் ஊழையும் தோற்கடிப்பர்) என்ற குறளோடு முடிக்கிறார். மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் எப்படியோ ஒட்டவைத்துக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். ஒட்டாது என்பது என் கருத்து. ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் கடைசியில், செய்ததையெல்லாம் செய்து முடித்தவன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, அதாவது முயற்சி, பொருட்பாலில், காரியத்தில் இறங்கப்போகிறவனிடம் பேசும் இடத்தில் இருக்கிறது. இது என் வாசிப்புதான். வள்ளுவர் அப்படி எண்ணித்தான் வைத்தார் என்று நிறுவ வழியில்லை. ஆனால் 618ஆம் குறள் விஷயத்தில் ஐயமே வேண்டாம்: 'பொறியின்மை யார்க்கும் பழியன்று'. பரிமேலழகர் அந்தப் பொறியை விதி என்று கொள்கிறார். உடலுறுப்பு என்று கொண்டு, உறுப்புக் குறை யாருக்கும் பழியில்லை என்று உரை சொல்வோரும் உண்டு. எந்த உரையை எடுத்தாலும் உங்கள் அக்கா வீட்டுக்குப் பொருந்தும். அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதை மட்டுமே அந்தக் குறள் பழி என்கிறது.

ஊழ் என்றவுடன் சிலப்பதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று பதிகத்திலேயே இருக்கிறதுதான். கோவலன் முற்பிறவியில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் அரசனிடம் இருந்தவன். கபிலபுரத்திலிருந்து பிழைக்க வந்த சங்கமன் என்ற வணிகனை, பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து திரிந்து, மலையேறி விழுந்து உயிர்விடும்போது இட்ட சாபம்தான் மதுரையில் வந்து பலித்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. எப்போது சொல்கிறது என்று பாருங்கள். கோவலன் வெட்டுப்பட்டாயிற்று, வழக்கு முடிந்தாயிற்று, பாண்டியன் இறந்தாயிற்று, மதுரை எரிகிறது. அரசவையில் கண்ணகி சிலம்போடு நின்றபோது, "அம்மா, இது உன் கணவனின் முன்வினை" என்று எந்த அமைச்சரும் எழுந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இளங்கோவடிகள் அந்த அமைச்சரை என்ன பாடு படுத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதைவிட முக்கியம் பாண்டியன். கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் ஆணையிடும் இடத்தில், 'வினைவிளை காலம் ஆதலின்' என்று கவிஞரே எழுதிவிடுகிறார். வினை விளைகிற நேரம், அதனால் வேப்பமாலை அணிந்த மன்னன் ஆராயாமல் போனான். அரசன் தவறியதும் விதிப்படிதான் என்று காவியமே சாட்சி சொல்கிறது. தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எந்தக் குற்றவாளிக்குக் கிடைக்கும்? ஆனால் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அவன் வாயில் வருவது 'யானோ அரசன் யானே கள்வன்'. 'கெடுகவென் ஆயுள்' என்று விழுகிறான். விதி என்ற சொல்லை யார், எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிடச் சரியான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கதை சொல்கிறவன் ஊழ் என்று சொல்லலாம். அந்தத் துயரத்தில் கை வைத்தவன் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். முன்முடிவும் பொறுப்பும் ஒரே காட்சியில் இருக்கின்றன. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. தர்க்கத்தில் இது எப்படிச் சாத்தியம் என்று மேலைத் தத்துவத்தில் ஒரு தனிக் கட்சியே வாதாடிக்கொண்டிருக்கிறது. இளங்கோ வாதாடவில்லை, காட்டிவிட்டுப் போய்விட்டார்.

புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் வரி எல்லாருக்கும் தெரியும். அடுத்த வரி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. உங்கள் சொந்தக்காரர்களுக்கு இது கையில் கிடைத்தால் விடமாட்டார்கள். ஆனால் பாட்டு எங்கே போய் முடிகிறது? ஆற்றுநீரின் போக்கில் செல்லும் புணைபோல உயிர் முறைவழிப் போகிறது என்று தெளிந்தோம். ஆகையால் பெரியோரை வியப்பதும் இல்லை, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. எல்லாம் முறைவழி என்று ஏற்றவர் அதிலிருந்து எடுத்த முடிவு இது. அதே இடத்தில் தொடங்கி ஒரு தாயை இகழ்வதில் போய் முடிகிறவர்கள் கணக்கை எங்கோ தவறாகப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனார் ஆசீவகர், அதாவது எல்லாம் முன்முடிவே என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவர் என்று பேராசிரியர் க. நெடுஞ்செழியன் போன்றோர் வாதிட்டிருக்கிறார்கள். இருக்கலாம், பாட்டை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. இரண்டு பாட்டு தள்ளி 194இல் பக்குடுக்கை நன்கணியார் வருகிறார். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூ அணிய, ஒருத்தி கண்ணீர் வடிக்க. இப்படிப் படைத்தவனுக்கு அவர் வைக்கும் பெயர் 'பண்பிலாளன்'. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளுவரும் 1062இல், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் 'பரந்து கெடுக உலகியற்றியான்' என்று சபித்துவிடுகிறார். தெய்வ நீதியைக் கேள்வி கேட்பது நம்மிடம் இல்லாத பழக்கம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் காட்டுங்கள்.

சைவர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி தேவாரம். சம்பந்தர் கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோடான கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது பனிக்காலம். உடன்வந்தவர்களுக்குக் குளிர்சுரம் கண்டது. அந்த நிலத்தின் இயல்பு அது என்ற பேச்சும் பெரிய புராணத்தில் வருகிறது. அப்போது பாடிய பதிகத்தின் முதல் வரியைக் கவனியுங்கள்: 'அவ்வினைக்கு இவ்வினை ஆமென்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே'. அன்று செய்ததற்கு இன்று இது என்று சொல்லத் தெரிகிறது உங்களுக்கு. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா? காய்ச்சலில் நடுங்குகிறவர்கள் நடுவில் நின்று கேட்ட கேள்வி. அடுத்து 'கைவினை செய்து' என்று வருகிறது. அங்கே அது இறைபணியைக் குறிப்பது, மருத்துவம் என்று நான் திரிக்கப் போவதில்லை. ஆனால் வினைக்கணக்கு பேசிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே என்பதில் சந்தேகம் இல்லை. கடைசி அடி 'செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா'. வினைக்கொள்கையை நம்பியவரே சொல்கிறார், தீண்டாது என்று.

அப்பர் சூலை நோயில் துடித்துத் திருவதிகையில் பாடியது 'கொடுமைபல செய்தன நானறியேன்'. செய்த கொடுமைகள் என்னவென்று எனக்குத் தெரியவில்லையே என்கிறார். அதை அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைப் பார்த்து அவர் அக்கா திலகவதியார் சொல்லவில்லை. அந்த அம்மையார் செய்தது திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனது. சுந்தரர் கதை இன்னும் ஒரு படி மேல். அவர் பார்வை போனதற்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறினார். அப்படிப்பட்டவர் திருவாரூரில் நின்று, 'குற்றம் ஒன்றும் செய்த தில்லை, கொத்தை ஆக்கினீர், எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்' என்று இறைவனிடமே சண்டை பிடிக்கிறார். மற்றக் கண்ணைத் தராவிட்டால் 'வாழ்ந்து போதீரே', நல்லா இருங்கள் என்று குத்தலாக முடிக்கிறார். இந்தப் பாட்டைத் திருமுறையிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்து இன்றும் கோயிலில் ஓதுகிறோம். குற்றம் செய்தவருக்கே இந்த உரிமை என்றால், உங்கள் அக்காவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

கர்மம் என்ற சொல்லையே தூக்கிப் பிடித்த பௌத்தத்திலும் இப்படி ஓர் எச்சரிக்கை உண்டு. சம்யுத்த நிகாயம் என்ற பாலி மொழிப் பௌத்த நூலில் சீவகன் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராக அலையும் துறவி, மனிதன் அனுபவிக்கும் எல்லாமே முன்வினைதானே என்று புத்தரிடம் கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணம் சொல்கிறார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், இவை கூடியது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து தாக்குதல், எட்டாவதாகக் கர்ம விளைவு. எல்லாம் முன்வினை என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஏற்றதையும் மீறுகிறார்கள் என்கிறார். யாருக்கு எந்த வினை என்று நுணுகி ஆராய்ந்தால் பித்துப் பிடிக்கும் என்றும் இன்னோரிடத்தில் சொல்லியிருக்கிறார். ஜோசியரிடம் இதைச் சொன்னால் அவருக்குப் பிழைப்பு போய்விடும், அது வேறு.

துன்பத்தைத் தெய்வத் தண்டனை என்று மற்றவர் மேல் வைத்துப் பேசும்போது எவ்வளவு பெரிய மனிதரும் சறுக்குவார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிலநடுக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்கான ஹரிஜன சுற்றுப்பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இது நம் பாவங்களுக்கு, குறிப்பாகத் தீண்டாமைக்கு, இறைவன் அனுப்பிய தண்டனை என்றார். தாகூர் மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கிறது. இந்த வாதத்தை உங்கள் எதிரிகளும் எடுத்துக்கொள்ளலாமே என்றார். நியாயம்தானே, தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஒரு வைதீகர் சொல்லியிருந்தால் காந்தி என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, தொடர்பை நிரூபிக்கத் தன்னால் முடியாது என்றும் ஒப்புக்கொண்டது காந்தியின் பெருந்தன்மை. 'நம் பாவம்' என்று தன்னையும் சேர்த்துத்தான் பேசினார். ஆனால் இடிபாட்டில் கிடந்தவர்கள் பீகாரின் ஏழைகள். அவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் உண்டு. 2004 சுனாமியின்போதும் இந்தப் பேச்சு கிளம்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். கரையோரக் குப்பத்தில் இருந்தவர்களும் கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்தவர்களும் போனார்கள், உள்ளே தள்ளி இருந்தவர்கள் பிழைத்தார்கள். பாவம் கடற்கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்தா இருக்கும்? கரையோரம் பிறந்ததே வினைதான் என்று பதில் வரும். எதற்கும் பொருந்துகிற பதில் அது. அதனாலேயே எதையும் விளக்குவதில்லை.

இதே பதில்தான் சாதிக்கும் துணை போயிருக்கிறது, அதையும் சொல்லாமல் விட முடியாது. பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் விளங்கும் என்று 37ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதுகிறார். அந்த இருவரைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று நேர் எதிராகப் பொருள் கொள்வோரும் இன்று உண்டு. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்ற வள்ளுவருக்கு இரண்டாவது உரைதான் பொருத்தம் என்று மனசு சொல்கிறது. மனசுக்குப் பிடித்தது என்பதாலேயே அது சரியான உரை ஆகிவிடாது. இதை முடிவாகாத வழக்காகவே வைத்திருக்கிறேன். பல்லக்கைத் தூக்கியவன் தோளில் இருந்த காய்ப்பு எந்தப் பிறவியில் வந்தது என்று யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இனி, எல்லாமே முன்முடிவுதானா என்ற பொதுக் கேள்வி. இதை நேராக ஆம் என்றவர்கள் ஆசீவகர்கள். எறிந்த நூலுருண்டை தானே அவிழ்ந்து தீரும்வரை ஓடும், அதுபோல அறிஞனும் மூடனும் தம் பிறவிகளை ஓடித் தீர்ப்பார்கள், முயற்சியால் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்றார் மற்கலி கோசாலர். அவர்கள் நூல் எதுவும் முழுதாக நம்மிடம் இல்லை. எதிர்த்தரப்பான பௌத்தரும் சமணரும் எழுதிவைத்ததைக் கொண்டே பேசுகிறோம், ஆகவே கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும். இந்தக் காலத்தில் அதே கேள்வி மூளை ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. 1983இல் பெஞ்சமின் லிபெட், கையை அசைக்கிறேன் என்று ஒருவர் உணர்வதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி முன்பே மூளையில் மின்னோட்டம் தொடங்கிவிடுவதாகக் காட்டினார். அப்படியானால் முடிவெடுத்தது யார் என்று பெரிய விவாதம். 2012இல் ஆரோன் ஷர்கரும் உடனாய்வாளர்களும், அது முடிவே அல்ல, மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கம் என்று வேறு விளக்கம் தந்தார்கள். விரலை அசைப்பதையும், ஒரு தகப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரத்ததானம் செய்ய ஆள் தேடி அலைவதையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். இந்த வழக்கு தீரவில்லை, என் ஆயுளில் தீரும் என்றும் தோன்றவில்லை.

தீராத அந்த வழக்கு உங்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு: தலசீமியா மரபணு வழியாக வருவது. தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமக்கிறவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியவே தெரியாது. இதில் யாருடைய ஒழுக்கமும் இல்லை, யாரும் செய்த தவறும் இல்லை. அக்கா தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்த இது உதவும் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் நிறுத்திவிட மாட்டாள். காரணம் தெரிந்த பிறகும் பழி தேடிக்கொள்ளும் தாய்மார்களை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பழி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் அர்த்தமாவது இருக்கிறதே என்ற ஏக்கம் அது. அந்த இடத்தில் வாதம் செய்யாதீர்கள், கூட உட்கார்ந்திருங்கள்.

அவளே ஒருநாள் "என் தலையெழுத்து" என்று சொல்லி அழுதால் திருத்தாதீர்கள். தன் சுமையைப் பற்றி அவள் சொல்லும்போது அது ஆறுதலாக இருக்கலாம், அப்பர் சொன்னதுபோல. அதே சொல்லை வேறொருவர் அவளைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் குறுக்கே விழுங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாத வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தரின் அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டுங்கள். சைவக் குடும்பம் என்கிறீர்கள், சம்பந்தரை எதிர்க்க மாட்டார்கள்.

பரிகாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோயிலுக்குப் போய் மனசு லேசானால் போகட்டும், நானும் போகிறவன்தான். கடன் வாங்கிச் செய்யச் சொன்னாலோ, ரத்தம் ஏற்றுவதையும் உடம்பில் சேரும் இரும்புச்சத்தைக் குறைக்கும் மருந்தையும் நிறுத்தச் சொன்னாலோ அந்த ஆள் வீட்டுப் படியேற வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தப் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதை ரத்தவியல் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அக்கா அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் அதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போகட்டும். நீங்களும், கல்யாணத்துக்கு நிற்கும் உங்கள் தம்பியும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.